அறுபதுக்கு அறுபது

சென்ற தை மாதம் எங்கள் செஞ்சியில் ஒரு திருவிழாவுக்கு வெளியூர்க் கம்பெனி ஒன்று வாணவேடிக்கை விட வந்திருந்தது. வாணக் குழாய்க்கு ஒரு ஒயர் கொடுத்து, எல்லா ஒயரையும் ஒரு பெட்டியில் சேர்த்து, கண்ணாடி போட்ட ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி கம்ப்யூட்டரைத் தட்டினார். வேடிக்கை முடிந்ததும் திரையைக் காட்டி நூற்றுக்கு நூறு என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"நூறும் கெளம்பிச்சா, நூறும் வெடிச்சிச்சா?" என்று கேட்டேன்.

"நூறு ஒயருக்குள்ளயும் கரண்ட் போயிருக்குது பெரியவரே. கரண்ட் போனா வெடிச்ச மாதிரிதான்" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. எண்பது தாண்டிய கை அப்படித்தான் நடுங்கும் என்றாள் பக்கத்தில் நின்ற மருமகள். அந்த நடுக்கம் வேறு, இந்த நடுக்கம் வேறு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

வெடித்தொழிலாளர் சங்கத்தார் ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் தொழிலில் நடந்தது ஏதாவது சுவையாக எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் தொழிலில் சுவையாக ஒன்றும் நடக்கவில்லை. என்னை ஒரேயடியாகக் குலைத்துப்போட்ட ஒன்று நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள்.

நான் வேலை பழகிய நான்கு வருடத்தை நான்கு வரியில் முடித்துவிடலாம். திருவண்ணாமலை ரோட்டில், ஊரைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவில் நாகப்பன் மேஸ்திரியின் பட்டறை. முதல் வருடம் வெடியுப்பு இடித்தேன், அடுத்த வருடம் கரி சலித்தேன், அதற்குப் பிறகு குண்டுக்குச் சணல் சுற்றினேன். நடுவில் ஒரு தடவை புருவம் கருகியது, பல தடவை மேஸ்திரியின் பார்வையில் கருகினேன். புருவம் வளர்ந்துவிட்டது.

ஏறுவாணம், சக்கரம், பூவாணம் எல்லாம் செய்தோம். பேர் வாங்கிக் கொடுத்தது அவுட்டுதான். சின்னத் தேங்காய் அளவு காகிதக் குண்டு. உள்ளே மருந்தும், நிறம் நிறமாக எரியும் கட்டிகளும். காகிதத்தின் மேல் இண்டு இடுக்கில்லாமல் சணல் சுற்றி, பசை தடவி, அதன் மேல் மறுபடி காகிதம் ஒட்ட வேண்டும். மணலில் புதைத்த இரும்புக் குழாயில் குண்டை இறக்கித் திரியைக் கொளுத்தினால், அடியில் இருக்கும் மருந்து அதைத் தூக்கி வானத்தில் எறியும். மூன்று எண்ணுவதற்குள் மேலே போய்ப் பூக்கும். கீழே கிளம்பும்போது ஒரு சத்தம், மேலே பூக்கும்போது ஒரு சத்தம். ஒரு குண்டுக்கு இரண்டு சத்தம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

நாகப்பன் மேஸ்திரி பண்ருட்டிப் பக்கத்து ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சத்தம் போடுவது மருந்தின் வேலை, நாமும் எதற்குப் போட வேண்டும் என்பார். பட்டறைக்குள் நுழையும்போது இடுப்பில் சாவி கூடாது, அரைஞாணில் வெள்ளிக் குண்டுமணி கூடாது. வாசலில் கிடக்கும் ஈரச் சாக்கில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். சாயங்காலம் கிளம்பும்போது வேட்டியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு முழம் நூல்கூட வெளியே போகக் கூடாது. முதலில் அவர் உதறுவார், பிறகு நாங்கள் உதறுவோம். பீடி என்கிற பேச்சே கிடையாது. என் கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் கடைத்தெருவில், "பையனுக்கு பீடி கீடி உண்டா?" என்று விசாரித்தபோது அங்கிருந்தவர்கள் சிரித்தே விட்டார்களாம்.

மேஸ்திரி எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார். இரண்டாம் தடவை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார். முதல் கேள்விக்கு வாய் பதில் சொல்லும், இரண்டாவது கேள்விக்கு மூஞ்சி பதில் சொல்லும் என்பது அவர் கணிப்பு.

அவருடைய முறைகளிலேயே விசித்திரமானது எண்ணுவது. வேடிக்கை விடும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒருவன் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவன் மடியில் நடுவில் தடுப்பு வைத்த ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் புளியங்கொட்டைக் குவியல். கீழ்ச்சத்தம் கேட்டால் பெட்டியின் இடது பக்கம் ஒரு கொட்டை. மேல்சத்தம் கேட்டால் வலது பக்கம் ஒரு கொட்டை. திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்க்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு ரசிப்பான், எண்ணிக்கையை விட்டுவிடுவான், கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது என்பார். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் எல்லாம் வெடித்துவிட்டது. வலது பக்கம் ஒன்று குறைந்தால் எங்கேயோ ஒரு குண்டு வெடிக்காமல் விழுந்து கிடக்கிறது என்று அர்த்தம். அன்று யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. விடிந்ததும் வரிசையாக நின்று வயல் வயலாகக் குனிந்து நடந்து அதைத் தேடி எடுக்க வேண்டும்.

நான் பொறுமைசாலி என்று அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். பனமலை ஏரிக்கரையில், மேல்சித்தாமூர் ரோட்டில், இன்னும் எத்தனையோ ஊரில் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்து ஆவென்று கத்தும். நான் தரையைப் பார்த்துக் கொட்டை போடுவேன். நான் செய்த அவுட்டு வானத்தில் எப்படிப் பூக்கும் என்று எனக்கே தெரியாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் முதல் தடவையாகச் சொந்த ஊரில் வேடிக்கை விடும் வாய்ப்பு வந்தது. ஊர் அம்மன் திருவிழா. கோட்டைப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் குழாய் புதைத்தோம். எதிரே ராஜகிரி, செங்குத்தான பாறை. மேஸ்திரி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சத்தம் மலையில் பட்டுத் திரும்புமே, பெட்டி குழம்பாதா என்று கேட்டார். நான் இந்த மண்ணில் பிறந்தவன், மலை பேசுவது எது, குண்டு பேசுவது எது என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்றேன். இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். கர்வம். வேறென்ன சொல்வது?

முதல் ஐம்பது குண்டுவரை நான் சொன்னதில் பொய்யில்லை. ஒரு குண்டு வெடித்து, கொஞ்சம் கழித்து மலை அதைத் திருப்பிச் சொல்லும். அப்போது கொட்டையைத் தொடமாட்டேன். கடைசிப் பத்தை மேஸ்திரி அடுத்தடுத்து விட்டார். ஒன்று மேலே வெடிக்கும்போதே அடுத்தது கீழே கிளம்பியது. முன்னது வெடித்த சத்தத்தை மலை திருப்பி அனுப்பும் நேரமும், பின்னது வெடிக்க வேண்டிய நேரமும் ஒன்றாகிவிட்டன. அதில் ஒரு சத்தம் மழுங்கலாக இருந்தது. கொட்டையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தேன். எதைப் பற்றி யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமனார் குடும்பம் மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ஒரு கொட்டை குறைந்தால் விடியற்காலையில் ஊரே பார்க்க நான் வயலில் குனிந்து நடக்க வேண்டும். கொட்டையை வலது பக்கம் போட்டுவிட்டேன்.

அறுபதுக்கு அறுபது. மேஸ்திரி வந்து, எண்ணு சரியா என்று எங்கேயோ பார்த்துக் கேட்டார். சரி என்றேன். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எண்ணு சரியா ஏகாம்பரம்?"

"சரி மேஸ்திரி."

குழாய்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

நாலைந்து நாள் கழித்து, சந்தை நாள். காலையில் வீட்டில் இருந்தேன். என் மனைவி தனம் கடையிலிருந்து வாங்கி வந்த துவரம்பருப்புப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, பிரித்து டப்பாவில் கொட்டச் சொன்னாள். சணலின் முடிச்சை அவிழ்த்தேன். சணல் விறைப்பாக இருந்தது. விரலில் ஏதோ பொடியாக உதிர்ந்தது. பார்த்தால் நீலப்பச்சை. எங்கள் பட்டறையில் பூச்சியும் எலியும் அண்டாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம். செஞ்சியில் வேறு எந்தச் சணலுக்கும் அந்த நிறம் வராது. நான்தான் வேட்டி உதறாமல் வந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். சணல் எங்கேயிருந்து வந்தது என்று தனத்திடம் கேட்டேன்.

"இன்னாங்க கேள்வி இது. ரத்தினம் செட்டியார் கடையில கட்டிக் குட்த்தாரு. புதுசா ஒரு உருண்ட தொங்குது."

உருண்டை என்ற சொல்தான். பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். பருப்பு தரையெல்லாம் சிந்தியது. தனம் திட்டியது காதில் விழுந்தது, பொருள் விளங்கவில்லை. சட்டைகூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

சந்தை நாள் என்றால் ரத்தினம் செட்டியார் கடையில் எள் போட்டால் எள் விழாது. அந்தக் காலத்து மளிகைக்கடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொட்டலம் கட்டுகிற சணல் உருண்டை செட்டியார் தலைக்கு மேலே கம்பிக்கூடையில் தொங்கும், நுனி கீழே வரை இறங்கியிருக்கும். பக்கத்துத் தூணில் பீடி பற்றவைக்க ஒரு தேங்காய்நார்க் கயிறு கனன்றுகொண்டே தொங்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

கூடையில் இருந்தது என் குண்டு. நான் சுற்றிய சணல். மேல்காகிதம் போய், பாதிச் சணலும் போய், உள்காகிதம் பழுப்பாகத் தெரிந்தது. திரி இருக்கும் பக்கம் கீழ்நோக்கி இருந்தது. நேர் கீழே செட்டியாரின் வழுக்கைத் தலை. கிராமத்து ஆள் ஒருவர் கனல் கயிற்றைத் தன் பக்கம் இழுத்து, ஊதி, பீடியைப் பற்றவைத்துவிட்டு விட்டார். கயிறு ஆடியது. கனல் நுனி, தொங்கிக்கொண்டிருந்த சணலை ஒட்டிப் போய்விட்டுத் திரும்பியது. என் வாழ்நாளில் அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்ன ஆகும்? கூட்டம் நெரியும், செட்டியார் எழுந்து அதைப் பிடுங்குவார். மேஸ்திரியின் தணிந்த குரல்தான் ஞாபகம் வந்தது.

கூட்டத்தில் நுழைந்து, பீடி பற்றவைத்தவரிடம் கயிற்றைக் கேட்டேன். செட்டியார் நிமிர்ந்து, வாணக்காரன் எப்போது பீடிக்கு இறங்கினான் என்று கேட்டுச் சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்து, கடை வாசலில் இருந்த தண்ணீர்ப் பானைக்குள் கனல் நுனியை முக்கினேன். சிரிப்பு நின்றது.

"குடிக்கிற தண்ணியில ஏண்டா முக்கின? இன்னாடா ஆச்சி உனுக்கு?"

"செட்டியாரே, மெதுவா பேசுங்க. அந்த உருண்ட எங்க கெடச்சிது?"

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி குளத்தோரச் சேற்றிலிருந்து எடுத்து வந்தாளாம். ஊறிப்போய் மேல்காகிதம் வழன்று வந்ததாம். உள்ளே நல்ல சணலைப் பார்த்து, ஒரு வெல்லக்கட்டியும் ஒரு துண்டுப் புகையிலையும் கொடுத்து வாங்கிக்கொண்டாராம். உள்ளே காகிதத்தை வைத்துச் சுற்றி எடையில் ஏமாற்றியிருக்கிறான் என்று முகம் தெரியாத ஒரு சணல் வியாபாரியை அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி அடிக்கடி சொல்லும் ஒன்று மண்டையில் இடித்தது. நனைந்த மருந்து தூங்குகிறது, செத்துப்போகவில்லை, காய்ந்தால் எழுந்துகொள்ளும். செட்டியார் அதைக் கடைச் சூட்டில் தொங்கவிட்டு நாள் கணக்கில் காய வைத்திருக்கிறார்.

பலகைமேல் ஏறிக் கூடையைக் கழற்றி, உருண்டையை இரண்டு கையாலும் ஏந்தி, அதே பானைக்குள் இறக்கினேன். எங்கள் பட்டறைச் சாமான் என்று மட்டும் சொன்னேன். பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தன் சணலையும் பானையையும் கேட்டு அவர் பின்னால் குரல் கொடுத்தது கேட்டது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் தண்ணீரா என்று கேட்டார்கள். தண்ணீர்தான் என்றேன். உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை.

பட்டறையில் பானையை இறக்கி வைத்தேன். மேஸ்திரி குனிந்து உள்ளே பார்த்தார். எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை இரண்டாவது முறை கேட்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஈரச் சாக்கின்மேல் வைத்து மூங்கில் கத்தியால் குண்டைப் பிளந்தார். ஒரு பகலும் ஒரு இரவும் தண்ணீரில் கிடந்திருக்கிறது. நடுவில் ஒரு பிடி மருந்து பொலபொலவென்று காய்ந்தே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"மேஸ்திரி, ஒரு கொட்டைய போடறப்ப எனுக்கு சந்தேகமா இருந்துது. சந்தேகத்தோட போட்டுட்டேன்."

அவர் கத்தியை ஈரத்துணியில் துடைத்தார்.

"நானும் பாத்தேன்டா" என்றார். "கடைசில ஒண்ணு மேல போச்சி, பூக்கல. பொகையில மறஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீ அறுபதுன்ன. சரி, எங் கண்ணுதான் கெட்டுப்போச்சின்னு வுட்டுட்டேன்."

செட்டியார் கடையில் வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு அப்போதுதான் வந்தது. அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். என் காதுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனாலும் பெட்டி சொன்னதை இரண்டு பேரும் நம்பினோம். அவர் என்னை நம்பினார், நான் பெட்டியை நம்பினேன், பெட்டிக்குள் நான் போட்டதுதான் இருந்தது. என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வா என்றார்.

ரத்தினம் செட்டியார் கடை வாசலில் மேஸ்திரி தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது என்ன, எப்படி அங்கே வந்தது, கனல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒன்று விடாமல் தணிந்த குரலில் சொன்னார். தப்பு எங்கள் இருவருடையது என்றார். நான் புதுப் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். செட்டியார் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலைக்கு மேலே இருந்த வெறும் கொக்கியைப் பார்த்தார். கடைக்குள் ஒரு மூட்டையின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"மத்தியானம் நான் சாப்ட போறப்ப எம் பொண்ணுதான் இங்க குந்துது" என்றார். "எட்டு மாசம் அதுக்கு."

நான் புதுப் பானையை வாசலில் இறக்கி வைத்தேன். தனத்துக்கும் அப்போது ஐந்து மாதம். திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் நின்று வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் எண்ணுகிறவன் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தான். அவன் சரி என்றாலும், சரியில்லை என்றாலும், விடிந்ததும் வயலில் நடந்தோம். ஒவ்வொரு வேடிக்கைக்கும் நடந்தோம். மேஸ்திரி முதல் ஆளாக நடந்தார். அவர் போன பிறகு நான் முதல் ஆளாக நடந்தேன். ஓய்வு பெறும்வரை எந்த ஊரிலும் நடக்காமல் திரும்பியதில்லை.

செட்டியார் கடைத் தூணில் அதற்குப் பிறகு கனல் கயிறு தொங்கவில்லை. பீடிக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள், அவர் கவலைப்படவில்லை. ஆனால் என்னை விடவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா ஏகாம்பரம், எண்ணு சரியா?" என்பார். கேலிதான். ஆனாலும் முதல் சில வருடம் எனக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கும். நான் ஒரு தடவைகூட சரி என்று சொன்னதில்லை. நடந்து பார்த்துவிட்டேன் என்றுதான் சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

செட்டியார் போய்ப் பல வருடமாகிறது. இப்போது கடையில் உட்காருவது அவர் மகள் வயிற்றுப் பேரன். அவருக்கே தலை நரைத்துவிட்டது. தாத்தா கேட்டதைப் பார்த்து வளர்ந்தவர், அர்த்தம் தெரியாமல் அவரும் கேட்பார். தையில் அந்தக் கம்பெனிக்காரர் நூற்றுக்கு நூறு என்று சொன்னாரே, மறுநாள் விடிந்ததும் மருமகளுக்குத் தெரியாமல் கம்பை ஊன்றிக்கொண்டு கோட்டைப் பக்கத்து வயலில் நடந்தேன். முடிந்தவரை நடந்தேன். திரும்பும்போது முழங்கால்வரை சேறு. கடையிலிருந்து குரல் வந்தது.

"இன்னா மாமா, எண்ணு சரியா?"

"நடந்து பாத்துட்டேம்பா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அவர் அம்மாவும் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. அன்று அந்த அம்மா வயிற்றில் எட்டு மாதமாக இருந்த பிள்ளை அவர்தான். இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன்.